கிரவுன் என்னும் சொல்லும் நம் வேதாகமத்தின் முடிகளும்

நம் சபைகளின் நல்லடக்க ஆராதனைகளில் மிகுதியாக ஒலிக்கும் சொற்களுள் ஒன்று கிரீடம். மரித்தவர் தம் ஓட்டத்தை முடித்தார், அவருக்கென்று ஜீவகிரீடம் ஆயத்தமாயிருக்கிறது என்று நாம் கூறுகிறோம். கல்லறைகளிலும் அதனையே பொறிக்கிறோம். அவ்வேளையில் கேட்போரின் மனக்கண்முன் எழும் உருவம் யாது? மணிகள் பதித்து, பொன்னால் செய்து, உச்சி கூம்பி நிற்கும் தலையணி. நாடக மேடையிலும் நாட்காட்டிப் படங்களிலும் அரசர்கள் அணிந்து நிற்பது. ஆனால் பேசுகிறவருக்கு முன்பாகச் சவப்பெட்டியின்மேல் ஒரு மலர்வளையம் வைக்கப்பட்டிருக்கிறது. புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் இவ்விடங்களில் கையாண்ட சொல்லுக்கு மிக அண்மையில் நிற்பது நாம் வருணிக்கும் பொன்முடியன்று, அந்த மலர்வளையமே. இது எவ்வாறு என்பதை விளக்குவதற்கு நாம் முதலில் ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாற்றினுள் புகவேண்டியிருக்கிறது. நம் இறையியல் மாணவர் பெரும்பாலும் ஆங்கில விளக்கவுரைகளின் வழியாகவே மறைநூலை அணுகுகின்றனர். அவ்வுரைகளிலுள்ள 'கிரவுன்' என்னும் சொல் தன்னுள்ளே கொண்டுள்ள குழப்பம் அவர்களோடு பிரசங்க மேடைக்கும் வந்துவிடுகிறது.

'கிரவுன்' ஆங்கிலேயருடைய சொந்தச் சொல்லன்று. நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அவர்களுடைய பிரெஞ்சு மொழி வழியாக உள்ளே வந்தது. அதன் மூலம் இலத்தீனில் 'கொரோனா'. அதற்கும் மூலம் கிரேக்கத்தில் 'கொரோனே'. வளைந்தது எது ஆயினும் அது கொரோனே: கதவின் வளையம், வில்லின் நுனி. காகத்திற்கும் கிரேக்கத்தில் இதே பெயர் உண்டு. இலத்தீனில் கொரோனா முதலாவது உணர்த்தியது தலையில் சூடும் தழைவளையத்தையேயாகும். பொன்முடி என்பது பின்னர் வந்து சேர்ந்த பொருள். சூரியனைச் சுற்றித் தோன்றும் ஒளிவட்டத்தை வானநூலார் கொரோனா என்றழைக்க, அவ்வட்டத்தைப் போன்ற விளிம்புடைய கிருமிகளுக்கு 1968-இல் நுண்கிருமி ஆய்வாளர் அப்பெயரையே சூட்டினர். 2020-இல் அப்பெயர் நம் சிற்றூர்கள் வரை பரவி, எழுத்தறியாதவர் நாவிலும் நின்றது. அவர்கள் அறியாமலே உச்சரித்தது மாலை என்னும் பொருளுடைய பழைய இலத்தீன் சொல்லை.

உரோமர் இத்தழைவளையங்களைப் பல வகைப்படுத்தியிருந்தனர். சக குடிமகன் ஒருவனின் உயிரைப் போரில் காத்தவனுக்கு ஓக் இலை வளையம். பகைவரின் மதில்மேல் முதலில் ஏறியவனுக்கு மதில்வடிவ வளையம். வெற்றி ஊர்வலம் வரும் தளபதிக்கு லாரல் இலை. இவையனைத்திலும் உயர்ந்ததாக அவர்கள் மதித்தது வெறும் புல்லால் ஆனதாகும். முற்றுகையிடப்பட்ட சேனை ஒன்றைத் தளபதி மீட்டால், மீட்கப்பட்ட வீரர்களே அந்நிலத்தில் முளைத்த புல்லைப் பறித்துப் பின்னி அவர் தலையில் வைப்பர். பொன்னாலானவை இருந்தும் புல்லே முதலிடம் பெற்றது. அதனை அளிக்கும் உரிமை மேலதிகாரிக்கன்று, காப்பாற்றப்பட்டவர்களுக்கே உரியது என்பதையும் நாம் மனத்தில் வைத்துக்கொள்வோமாக.

இனி, அரசனுக்குரிய தலையணி. இதற்கு ஆங்கிலத்தில் 'டயடம்' என்னும் தனிச்சொல் உண்டு. அது கிரேக்கத் 'தியாதேமா' என்பதிலிருந்து பிறந்தது. சுற்றிக் கட்டு என்னும் பொருளுள்ள வினையே அதன் வேர். தியாதேமா உலோகத்தாலானதன்று, அது துணி. நெற்றியைச் சுற்றிக் கட்டிப் பின்புறத்தில் முடிச்சிட்டு, இரு முனைகளும் பிடரியில் தொங்குமாறு விடப்பட்ட ஒரு நாடா. பாரசீக மன்னரின் அடையாளமாகிய இதனைப் பேரரசன் அலெக்சாந்தர் மேற்கொண்டான்; அவனுக்குப்பின் சீரியாவிலும் எகிப்திலும் ஆண்ட கிரேக்க அரசர்களின் நாணயங்களில் இந்நாடாவைத் தெளிவாகக் காணலாம். இரண்டு நாடுகளுக்கு அரசன் எனின் இரண்டு நாடா. எகிப்தின் தாலமி அந்தியோகியாவுக்குள் புகுந்து இரண்டு தியாதேமாக்களைத் தலையில் தரித்தான் என்று மக்கபேயர் முதல் நூல் (11:13) கூறுகிறது.

உரோமர் மாலையை விரும்பினர், நாடாவை வெறுத்தனர். அரசன் என்னும் பெயரே அவர்களுக்கு ஆகாது. கி.மு. 44 பிப்ரவரியில் நடந்த லூப்பர்காலியா விழாவில், மாற்கு அந்தோனி யூலியுசு சீசரின் தலையில் தியாதேமாவை வைக்க முற்பட்டபோது மக்கள் முணுமுணுத்தனர். சீசர் அதனை மறுத்தபோது ஆர்ப்பரித்தனர். அடுத்த மாதமே அவர் கொல்லப்பட்டார். அதே சீசர் லாரல் மாலையை எந்நேரமும் சூடிக்கொள்ள ஆட்சிமன்றம் இசைந்திருந்தது என்பதும், தம் வழுக்கையை மறைக்க உதவியதால் அவர் அச்சலுகையைப் பெரிதும் விரும்பினார் என்று சுவெத்தோனியுசு எழுதியிருப்பதும் இங்கு நினைவுகூரத்தக்கவை. அவருக்குப் பின்வந்த பேரரசர்கள் நெடுங்காலம் மாலையோடு அமைந்தனர். நாடாவை வெளிப்படையாகத் தரித்தவர் கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் கான்ஸ்தந்தீன். அவர் கிறிஸ்தவத்தை ஆதரித்த பேரரசர் என்பதைச் சற்று வருத்தத்துடன் குறிப்பிடுகிறோம்.

ஆகவே முதல் நூற்றாண்டுக் கிரேக்க வாசகனுக்கு இரு வேறு பொருள்கள் தெளிவாய் இருந்தன. ஒன்று தியாதேமா: ஆளுகையின் நாடா. மற்றொன்று 'ஸ்தெபனோஸ்': தழையாலோ மலராலோ பின்னிய வளையம், ஓட்டத்தில் வென்றவனுக்கும், விருந்தில் அமர்ந்தவனுக்கும், மணமகனுக்கும், ஊருக்கு நன்மை செய்தவனுக்கும், இறுதியில் இறந்தவனுக்கும் சூட்டப்பட்டது. ஆங்கிலக் 'கிரவுன்' இவ்விரண்டையும் விழுங்கிவிட்டது. 1611-இன் ஆங்கில வேதாகமம் புதிய ஏற்பாட்டில் எங்கும் 'கிரவுன்' என்றே எழுதியது. ரிச்சர்ட் டிரெஞ்ச் என்னும் பேராயர் புதிய ஏற்பாட்டின் ஒருபொருட்சொற்களைப் பற்றித் தாம் எழுதிய நூலில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். 1881-இன் திருத்தப்பட்ட புதிய ஏற்பாட்டில் தியாதேமா 'டயடம்' ஆயிற்று. ஆயினும் பொதுமக்கள் நாவில் கிரவுன் பொன்முடியாகவே நின்றது. அது அரசாங்கத்தையும் குறித்தது: 1858-இல் இந்தியா கும்பினியாரிடமிருந்து 'கிரவுன்' வசம் மாறியதாக நாம் சரித்திரத்தில் படித்தோம். இன்று பல் மருத்துவர்கூடக் கிரவுன் வைக்கிறார். அதுவும் பழைய பொருளுக்கு அவ்வளவு தூரமானதன்று.

தமிழில் நிலைமை என்ன? நம் முன்னோர் இவ்வேற்றுமையைக் கிரேக்கரினும் நுணுக்கமாக அறிந்திருந்தனர் என்றே சொல்லவேண்டும். தலையில் சூடுவது கண்ணி. மார்பில் அணிவது தார். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று மூவேந்தரின் அடையாளப் பூக்களைத் தொல்காப்பியம் குறிக்கிறது. போர்முறைக்கு ஒரு பூ என வகுத்து, ஆநிரை கவர்வோன் வெட்சியையும், மண்ணாசையால் மேற்செல்வோன் வஞ்சியையும், மதிலை வளைப்போன் உழிஞையையும், களத்தில் எதிர்நின்று பொருவோன் தும்பையையும், வென்றோன் வாகையையும் சூடுவதாகப் புறப்பொருள் இலக்கணம் விரித்துரைக்கிறது. உரோமரின் ஓக், லாரல், புல் வரிசைக்கு இதைவிட அண்மையான ஒப்புமை உலகில் வேறெங்கேனும் உண்டோ என்பது ஐயமே. இன்றும் தேர்தலில் வென்றவரை வாகை சூடினார் என்றே செய்தித்தாள்கள் எழுதுகின்றன. வாகைப்பூவை எவரும் பறிப்பதில்லை, சொல்மட்டும் வாடாமல் இருக்கிறது.

மதுரையிலும் பரவை முதலிய அதன் சுற்றூர்களிலும் வாழ்வோர்க்கு மாலையும் முடியும் ஒருங்கே காணக்கிடைக்கும் நாள் ஒன்று உண்டு. சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சியம்மனுக்குப் பட்டாபிஷேகம் நடைபெறுகிறது. இராயர் கிரீடம் என வழங்கும் முடியைச் சூட்டி, செங்கோலைக் கையில் அளித்து, பாண்டியரின் வேப்பம்பூ மாலையையும் அணிவிக்கின்றனர். இராயர் என்னும் பெயர் விசயநகரப் பேரரசை நினைவூட்டுகிறது. வேம்போ அதனினும் நெடுங்காலம் முந்திய பாண்டியரின் பூ. வேம்பு பூத்துச் சொரியும் பருவமும் அதுவே. ஆவணியில் சுந்தரேசுவரருக்கு முடிசூட்டும்வரை மதுரையில் அம்மனின் ஆட்சி என்பது ஊர் வழக்கு. இவ்விழாவின் சமயப் பொருளை ஆராய்வது நம் நோக்கமன்று. முடி, மாலை, பட்டம் என்னும் மூன்றும் நம் மக்களிடையே வெவ்வேறு பொருள்களாய் இன்றும் உயிருடன் இருப்பதையே சுட்ட விரும்புகிறோம்.

பட்டம் என்னும் சொல்லில் சற்றுத் தங்குவோம். வடமொழியில் பட்டம் என்பது துணி, துணிக்கீற்று, நெற்றியில் கட்டும் நாடா. தமிழில் அது நெற்றியில் கட்டும் பொற்றகட்டையும் குறித்து, அதன்பின் அரசுரிமையையும் குறித்தது. எனவேதான் பட்டங்கட்டுதல், பட்டத்தரசி, பட்டத்து யானை, பட்டாபிஷேகம் என்பன எழுந்தன. சுற்றிக் கட்டிய நாடாவே அரசுரிமையின் அடையாளம் என்னும் இந்த எண்ணம் தியாதேமாவின் எண்ணமே அன்றி வேறில்லை. ஊர்க் கோயில் விழாக்களில் முதல் மரியாதைக்குரியவருக்கு ஒரு துணியைத் தலையில் சுற்றிக் கட்டும் பரிவட்டம் இதன் எளிய உறவினம். அத்துணிக்காக எத்தனை வழக்குகள் நீதிமன்றம் ஏறியுள்ளன! துணியின் விலையை எண்ணியா வழக்காடினர்? அல்ல, கட்டியவனுக்கு ஊரில் உள்ள அதிகாரத்தை எண்ணியே வழக்காடினர். யோவானுடைய வெளிப்படுத்தலைக் கேட்ட ஆசியாவின் ஏழு சபையாரும் தியாதேமா என்றவுடன் இவ்வகை அதிகாரத்தையே உணர்ந்திருப்பர்.

முடி என்னும் சொல்லோ தனிச்சிறப்புடையது. முடிதல் என்பது கட்டுதல். தலைமயிரை முடிந்தால் அது முடி. தலைமேல் தரித்த அரசணியும் முடி. ஒரே சொல் மயிரையும் மகுடத்தையும் குறிப்பது தமிழுக்கு மட்டுமே உரிய விந்தை என்று நினைப்போர் எபிரெயத்தில் 'நேசெர்' என்னும் சொல்லை நோக்குவாராக. நேசெர் என்றால் வேறுபிரித்து அர்ப்பணித்தல், பிரதான ஆசாரியனின் பாகைமேல் வைக்கப்படுவதும் (யாத். 29:6), சிறுவனாகிய யோவாசின்மேல் யோய்தா வைத்ததும் (2 இராஜா. 11:12) நேசெர். நசரேய விரதங்கொண்டவனின் சிரைக்கப்படாத தலைமயிரும் நேசெர் (எண். 6:19), எரேமியா 7:29-இல் அச்சொல் நேராக மயிரையே சுட்டுகிறது. தேவனுக்கென்று வளரவிட்ட மயிர் எளியவனின் மகுடம் என்னும் கருத்து எபிரெயச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. தமிழ் முடி அதனை அப்படியே தாங்க வல்லது. ஆங்கிலக் கிரவுன் தாங்காது.

இவ்வளவு சொல்வளம் கைவசமிருந்தும் நம் வேதாகமத்தில் நேர்ந்தது என்ன? ஸ்தெபனோஸ் என்னும் பெயர்ச்சொல் புதிய ஏற்பாட்டில் 18 முறை வருகிறது. தியாதேமா மூன்றே முறை, மூன்றும் வெளிப்படுத்தலில். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் நிறைவுற்று, சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பெரும்பாலும் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பில், தேவகுமாரனின் தலையில் போர்ச்சேவகர் வைத்த முட்களாலான ஸ்தெபனோஸ், முடி என்று பெயர் பெற்றது (மத். 27:29, யோவா. 19:2). சிமிர்னா சபைக்கு வாக்களித்த ஸ்தெபனோஸ் கிரீடமாயிற்று (வெளி. 2:10). வலுசர்ப்பத்தின் ஏழு தலைகளிலுமுள்ள தியாதேமாக்கள் முடிகளாயின (12:3). மிருகத்தின் பத்துக் கொம்புகளிலுள்ளவையும் முடிகளே (13:1). வெள்ளைக்குதிரையின்மேல் வரும் கிறிஸ்துவின் தியாதேமாக்களோ கிரீடங்களாயின (19:12). இருபத்துநான்கு மூப்பரின் ஸ்தெபனோஸ் வெளி. 4:4-இல் பொன்முடி, ஆறு வசனங்கள் கழிந்து அதையே அவர்கள் சிங்காசனத்தின்முன் வைக்கும்போது கிரீடம். மொழிபெயர்ப்பாளர் ஓசைநயமும் பயபக்தியும் கருதித் தீயதற்கு ஒரு சொல், தூயதற்கு ஒரு சொல் என்று சில இடங்களில் பிரித்திருக்கலாம் எனத் தோன்றுகிறது. அவர்களுடைய பெரும்பணியைக் குறைகூற நாம் துணியோம். ஆனால் விளைவை நோக்குக. தமிழில் மட்டும் வாசிப்பவனுக்கு இரட்சகரின் முள்முடி வலுசர்ப்பத்தின் முடிகளோடு சொல்லளவில் உறவாகிறது. இரத்தசாட்சிக்கு வாக்களிக்கப்பட்ட ஜீவகிரீடத்தோடு உறவற்றுப்போகிறது. கிரேக்கத்திலோ நேர்மாறு. கல்வாரிக்குச் செல்லுமுன் அவர் தலையில் அழுத்தப்பட்டதும், மரணபரியந்தம் உண்மையாயிருப்பவனுக்கு அவர் கொடுப்பதும் ஒரே சொல், ஒரே ஸ்தெபனோஸ்.

பெரிய வெள்ளியன்று சிலுவைத் தியானம் சொல்லும் ஆயர் எவருக்கும் இது சிறு செய்தியன்று. அச்சேவகர் உரோமர். யூதருடைய ராஜா என்று பரிகசித்தவர்கள் அவருக்குப் பின்னியது, அக்காலத்துப் பேரரசன் திபேரியுசு நாணயங்களில் சூடியிருந்த இலைமாலையின் கேலிவடிவம் எனக் கொள்வது பொருந்தும். முட்செடியும் ஒரு தழைதானே. லாரலைப் பின்னும் கை அதனையும் பின்னிற்று. எனவே பொன்முடிக்கு எதிரிடையாக முள்முடியை நிறுத்தி நாம் வழக்கமாய்ச் செய்யும் அலங்காரப் பிரசங்கம் மூலநூலின் குறியைத் தவறவிடுகிறது. எதிரிடை மாலைக்கும் மாலைக்கும் இடையே உள்ளது. வென்றவனுக்குரிய மாலை, தோற்றவனாய்க் காணப்பட்டவரின் தலையில் இருக்கிறது. எபிரெயர் நிருபத்தை எழுதியவர் இதனை உணர்ந்தே, மரணத்தை உத்தரித்ததினிமித்தம் இயேசு மகிமையினாலும் கனத்தினாலும் மாலை சூட்டப்பட்டார் என்னும் பொருள்பட ஸ்தெபனோஸின் வினைவடிவத்தைக் கையாளுகிறார் (எபி. 2:9).

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. ஸ்தெபனோஸ் எப்பொழுதும் இலை, தியாதேமா எப்பொழுதும் அரசு என்று சூத்திரம் எழுதிவிடலாகாது. எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் அம்மோனிய அரசனின் ஒரு தாலந்து நிறையுள்ள பொன்முடியும் ஸ்தெபனோஸ்தான் (2 சாமு. 12:30). மூப்பருடையவையும், மேகத்தின்மேல் வீற்றிருக்கும் மனுஷகுமாரனுக்கொப்பானவருடையதும் (வெளி. 14:14) பொன்னால் ஆனவை. கிரேக்கர் பொன்னிலும் இலைவடிவ மாலைகளைச் செய்தனர். கல்லறைகளிலிருந்து அவை ஏராளமாய்க் கிடைத்துள்ளன. டிரெஞ்ச் வரைந்த கோடு அவர் எண்ணிய அளவு நேர்க்கோடன்று. எனினும் ஒரே நூலாசிரியர் ஒரே நூலில் இரு சொற்களையும் கையாண்டு, ஒன்றை எட்டிடத்தும் மற்றதை மூன்றிடத்தும் வைத்திருக்கும்போது, வெளிப்படுத்தலிலேனும் அவ்வேறுபாடு பொருளுடையது என்பதை மறுக்க இயலாது.

பவுலுடைய மாலைகளில் ஐயத்திற்கே இடமில்லை. அவர் கொரிந்துவில் தங்கியது கி.பி. 50-க்கும் 52-க்கும் இடைப்பட்ட காலம். அந்நகரின் அருகே இரண்டாண்டுக்கு ஒருமுறை இஸ்துமிய விளையாட்டுகள் நடந்தன. வென்றவனுக்குக் கிடைத்தது பைன் இலையோ, வாடிய செலரித் தழையோ கொண்டு கட்டிய வளையம். 1 கொரி. 9:25-இல் அழிவுள்ளது என்று பவுல் கூறுவதைப் பொற்கிரீடத்தோடு பொருத்திப் பார்த்தால் அவருடைய வாதம் வலுவிழக்கும். பொன் அத்தனை விரைவில் அழிவதன்று. வீடு திரும்புமுன் சருகாகும் தழைக்காக இவ்வளவு இச்சையடக்கமா என்பதே அவர் வியப்பு. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் இவ்விடத்தில் வாகை என்னும் சொல்லை எடுத்தாண்டிருப்பது மனத்திற்கு நிறைவளிக்கிறது. பேதுருவின் முதலாம் நிருபத்தில் (5:4) வரும் வாடாத கிரீடம் என்னும் தொடரையும் இவ்வாறே நோக்குக. கிரீடம் எங்கே வாடும்? வாடுவது பூ. வாடாத என்னும் அடைமொழியைப் பவர் குழுவினர் உண்மையாய்க் காத்ததனாலேயே, கிரீடம் என்னும் திரைக்குப் பின்னால் பூமாலை மறைந்திருப்பது தமிழிலும் புலப்படுகிறது. ஏசாயா 28-ஆம் அதிகாரத்தில் எப்பிராயீமின் வெறியருடைய வாடும் பூ, சேனைகளின் கர்த்தரே தம் ஜனத்தில் மீதியானவர்களுக்கு அலங்காரமான முடியாயிருக்கும் நாள் ஆகிய இரண்டையும் இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும்.

பேதுருவின் அச்சொற்கள் யாரை நோக்கியவை என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அவை பொதுவாக விசுவாசிகளுக்கு எழுதப்படவில்லை. மந்தையை மேய்க்கும் மூப்பருக்கு எழுதப்பட்டவை. அவற்றிற்கு முந்திய வசனம், சுதந்தரத்தை இறுமாப்பாய் ஆளவேண்டாம் என்று தடுக்கிறது. மேய்ப்பனுக்கு ஆளுகை விலக்கப்பட்டது. அவனுக்குக் கிடைக்கப்போவது ஸ்தெபனோஸ், தியாதேமா அல்ல. நம் திருச்சபை வழக்கில் குருத்துவ அருட்பொழிவைக் குருப்பட்டம் என்கிறோம். இறையியற் கல்லூரியில் பெறுவதும் பட்டம். பட்டத்தின் பொருளை மேலே கண்டோம். சொல்லில் குற்றமில்லை, ஆயினும் குருப்பட்டம் பெற்றவர் சிலர் அதனைச் சொல்லின் மூலப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு ஆளத் தொடங்குவதைச் சபைகள் அறியும். பொன்னாடைக்கும் முதல் மாலைக்கும் வரிசைபார்க்கும் குருமார், பரிவட்டத்திற்காக வழக்காடுவோரை ஏளனம் செய்ய இயலுமா? உரோமைத் திருச்சபையில் 1963-இல் மூவடுக்கு முடி சூட்டப்பட்ட ஆறாம் பவுல், 1964 நவம்பரில் அதனை ஏழைகளுக்கென்று பலிபீடத்தின்மேல் வைத்துவிட்டார். 1978 முதல் அவருக்குப் பின்வந்தவர் எவரும் முடிசூட்டு விழா நடத்தவில்லை. பீடங்களிலும் சின்னங்களிலும் இன்னும் நாம் விடாது பற்றியிருப்பவற்றை எண்ணுகையில், சீர்திருத்தச் சபையாராகிய நாம் இவ்வொரு செய்தியில் பின்தங்கியிருக்கிறோமோ என்று கேட்கத் தோன்றுகிறது.

பவுல் தமக்கென ஒரு ஸ்தெபனோஸைக் காட்டும்போது பிலிப்பியரையே காட்டுகிறார் (பிலி. 4:1), தெசலோனிக்கேயரையும் அவ்வாறே (1 தெச. 2:19). மீட்கப்பட்ட சேனை தன் தளபதிக்குப் புல்மாலை பின்னிய உரோம வழக்கம் அவர் நினைவில் இருந்ததா என்று நாம் உறுதிகூற வேண்டுவதில்லை. மாலை பெறுபவன் எடுத்துக்கொள்வதன்று, பிறர் சூட்டுவது என்னும் உணர்வு மட்டும் இரண்டிலும் ஒன்றே. ஆங்கிலேய மன்னர் மூன்றாம் சார்லசின் முடிசூட்டு விழாவை 2023 மே மாதத்தில் தொலைக்காட்சியில் கண்டவர்கள், அங்கும் பேராயரே முடியை வைத்ததைக் கண்டிருப்பர். ஆனால் அம்முடி பிறப்புரிமையால் முன்பே அவருடையது. ஸ்தெபனோஸ் அப்படியன்று, ஓடுமுன் எவனுக்கும் அது சொந்தமில்லை.

முதல் இரத்தசாட்சியின் பெயர் ஸ்தேவான். அது ஸ்தெபனோஸ் என்னும் சொல்லேயாகும். கண்ணன், மாலையன் என்றெல்லாம் பெயர் வழங்கும் நாட்டில் அப்பெயர் விளங்காமலிருக்கக் காரணமில்லை, ஒலிபெயர்த்ததால் மறைந்துபோயிற்று. ஏறத்தாழ கி.பி. 211-இல் கார்த்தேஜின் தெர்த்துல்லியன் மாலையைப் பற்றியே ஒரு தனிநூல் இயற்றினார். பேரரசரின் நன்கொடையைப் பெற வந்த வீரருள் ஒருவன் மட்டும் லாரல் மாலையைத் தலையில் சூடாமல் கையிலேந்தி நின்று, கிறிஸ்தவன் என்று அறிக்கையிட்டுச் சிறைப்பட்டான். சபையாருள் சிலர் இதனை வீண்பிடிவாதம் என்றனர். தெர்த்துல்லியன் அவன் பக்கம் நின்று, தலைவர் முட்களைச் சூடியிருக்க நீ மலரைச் சூடுவதெப்படி என்று வாதிட்டார். கடுமையான வாதம்தான். மாலையும் மலரும் நம் பண்பாட்டில் பெற்றிருக்கும் இடத்தை எண்ணினால் அவரைப் பின்பற்றுவது நமக்கு இயலாது, வேண்டியதுமில்லை. ஆயினும் அவர் காலத்துச் சபை ஸ்தெபனோஸை மாலையாகவே கண்டது என்பதற்கு அவர் நூல் அசையாத சான்று.

வருங்கால மொழிபெயர்ப்பாளர் என்ன செய்யலாம்? தியாதேமாவிற்குப் பட்டம் என்றோ மணிமுடி என்றோ ஒரே சொல்லை மூன்றிடத்தும் வைக்கலாம். பிரதான ஆசாரியனின் பொற்றகட்டிற்குப் பட்டம் என்னும் சொல்லை யாத். 28:36-இல் பழைய மொழிபெயர்ப்பே வைத்திருப்பதால் சபைக்கு அது புதிதாகாது. (எபிரெயத்தில் அத்தகட்டின் பெயர் 'சீஸ்', அதாவது பூ. பட்டத்திற்குள்ளும் பூ!) ஸ்தெபனோஸிற்கு வாகை எல்லா இடத்திலும் பொருந்தாது, முள்வாகை என்றால் செவி ஏற்காது. முள்மாலை எனலாம், ஜீவமாலை, நீதியின் மாலை, வாடாத மாலை என்பனவும் அதனோடு இசையும். மாலை கழுத்துக்குரியதாயிற்றே என்பர் சிலர்; சூடுதல் என்னும் வினை அக்குறையை நீக்கும். நூற்றைம்பது ஆண்டுகளாய்ச் சபை நாவில் ஊறிய ஜீவகிரீடத்தை அகற்றுவது எளிதன்று; அகற்றவேண்டும் என்றும் நாம் வற்புறுத்தவில்லை. பிரசங்கிக்கிறவர் விளக்கினால் போதும்.

விளக்குவதற்கு ஏற்ற இடம் ஒன்றைக் கூறுவோம். வெளிப்படுத்தல் 6:2-இல் வெள்ளைக்குதிரையின்மேல் ஒருவன் வருகிறான். 19:11-இலும் வெள்ளைக்குதிரையின்மேல் ஒருவர் வருகிறார். தமிழில் இருவருக்கும் கிரீடம். ஆகையால் முந்தியவனும் கிறிஸ்துவே என்று போதிப்போர் நம்மிடையே பலர். பண்டைய உரைகாரருள்ளும் அக்கருத்துடையோர் இருந்தனர். மூலத்தில் முந்தியவனுக்குக் கொடுக்கப்படுவது ஒரு ஸ்தெபனோஸ். பிந்தியவர் தலையில் இருப்பவை அநேக தியாதேமாக்கள். அவன் ஜெயிக்கிறவன்; மேலும் ஜெயிக்கப் புறப்படுகிறான்; அவன் பின்னே யுத்தமும் பஞ்சமும் மரணமும் குதிரையேறி வருகின்றன. வெற்றிமாலை சூடிய எல்லாரும் நம் தலைவர் அல்லர். வலுசர்ப்பத்திற்கு ஏழு, மிருகத்திற்குப் பத்து என்று எண்ணிச் சொன்ன யோவான், 19:12-இல் எண்ணை விட்டுவிடுகிறார். தாலமியைப்போல் இரண்டென்றும் கூறவில்லை. நான்காம் அதிகாரத்தில் மூப்பர்களோ, தங்களுக்குச் சூட்டப்பட்ட மாலைகளைக் கழற்றி அந்தச் சிங்காசனத்தின்முன் வைக்கிறார்கள்.